மூத்த மிஷனரிகளின் ஞாயிற்றுக்கிழமை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கானா பயணம் குறித்த உங்கள் கட்டுரையில், கேப் கோஸ்ட் அருகே ஒரு சிற்றூரில் தங்கியிருந்த வயதான அமெரிக்க மிஷனரித் தம்பதியரைப் பற்றி ஒரே பத்தியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் பாளையங்கோட்டைக்காரன். 1838இல் சென்னையில் வந்திறங்கிய கால்டுவெல், 1891இல் கொடைக்கானலில் கண்மூடும்வரை தம் வாழ்நாளை நம் மண்ணுக்கே கொடுத்தவர் என்று கேட்டு வளர்ந்தவன். பணி ஓய்வுக்குப் பின் ஒன்றரை ஆண்டு வந்துவிட்டுத் திரும்புகிறவர்களையும் அவரைப்போல மிஷனரிகள் என்று கொள்ளலாமா? ஊரார் பேச்சுகூடப் புரியாத அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் என்னதான் செய்கிறார்கள்? ஓய்வுபெற்ற ஆசிரியர்களான என் பெற்றோர், வடமாநிலத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கு ஓராண்டு போகவேண்டும் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தத் தம்பதியர் மார்மன்கள் என்று பொதுவாக அறியப்படுகிற, அமெரிக்காவின் சால்ட் லேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்து இருவர் இருவராக வீடு தேடி வரும் அச்சபையின் இளைஞர்களைப் பலரும் அறிவர். பிள்ளைகளை ஆளாக்கி முடித்த பிறகு 6 முதல் 23 மாதங்கள் வரை ஊழியத்துக்குச் செல்லும் மூத்த தம்பதியரை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தங்கள் செலவைத் தாங்களே ஏற்கிறார்கள். இளைஞர்களைப்போல வீடு வீடாகச் சென்று போதிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அச்சபையின் இறையியல் எனக்கு ஏற்புடையதல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆயினும் அந்த இருவரின் ஞாயிற்றுக்கிழமையை அருகிருந்து பார்த்த பிறகு, அவர்களை அலட்சியமாகப் பேச எனக்கு நா எழவில்லை.

கானாவில் இச்சபை வேர்பிடித்த வரலாற்றைச் சொல்லாமல் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. 1964இல் ஜோசப் வில்லியம் பில்லி ஜான்சன் என்ற கானா நாட்டவர் இச்சபையின் வேதநூலான மார்மன் நூலைப் படித்து நம்பிக்கை கொண்டு, தாமாகவே சபைகளைக் கூட்டி நடத்தத் தொடங்கினார். மிஷனரிகளை அனுப்புங்கள் என்று சால்ட் லேக் நகருக்கு அங்கிருந்து கடிதங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஆண்டுகள் பல கடந்தும் எவரும் வரவில்லை. கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் உரிமை, இல்லை என்ற விதியை அச்சபை அப்போது கடைப்பிடித்து வந்தது. மிகப் பெரிய அநீதி அது. 1978 ஜூன் மாதத்தில் அவ்விதி நீங்கி, அதே ஆண்டு நவம்பரில் முதல் மிஷனரிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு வந்தபோது, வந்தவர்கள் மேபி, கேனன் என்ற இரண்டு மூத்த தம்பதியர். அந்த டிசம்பரில் ஜான்சனும் அவருடைய சபையாரும் ஞானஸ்நானம் பெற்றார்கள். பின்னர் 1989 ஜூனில் கானா அரசு இச்சபையின் செயல்பாடுகளைத் தடைசெய்து வெளிநாட்டு மிஷனரிகளை அனுப்பிவிட்டது. 1990 நவம்பரில் தடை நீங்கும்வரை உள்ளூர்க் குடும்பங்கள் தத்தம் வீடுகளிலேயே ஞாயிறு ஆராதனையை நடத்தின. ஆகவே, அங்கே வருகிற வெளிநாட்டவர் எவராயினும், தாங்கள் இல்லாமலே தொடங்கி, தாங்கள் இல்லாமலே நிலைத்த ஒரு சபைக்குத்தான் வருகிறார்கள்.

நான் சென்றது மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை. அது அவர்களுக்கு உபவாச நாள். இரண்டு வேளை உணவைத் தவிர்த்து, அதற்கு ஆகும் பணத்தை ஏழைகளுக்கென்று கொடுத்துவிடுகிறார்கள். சபையில் சம்பளம் வாங்கும் போதகர் என்று யாரும் இல்லை. அந்தச் சிறு கிளையின் தலைவர் வாரநாட்களில் தச்சு வேலை செய்பவர். தம்பதியர் முன்னதாகவே வந்து, நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, வருகிற ஒவ்வொருவரிடமும் கைகுலுக்கி, பின்வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். பெரியவர் தம் ஊரில் பல ஆண்டுகள் சபைப் பொறுப்பு வகித்தவர் என்பது எனக்குத் தெரியும். கணீரென்ற குரல். இருந்தும் அன்று மேடைப்பக்கமே போகவில்லை.

திருவிருந்துக்கு அங்கே திராட்சை ரசம் இல்லை, அப்பமும் தண்ணீரும்தான். பாட்டு முடிவதற்குள் இரண்டு விடலைப் பையன்கள் அப்பத்தைச் சிறு துண்டுகளாகப் பிட்டு வைத்தார்கள். அவர்களில் ஒருவன் மண்டியிட்டு ஆங்கிலத்தில் ஜெபம் சொல்லத் தொடங்கினான். அந்த ஜெபத்தில் ஒரு சொல்லும் மாறக்கூடாது. மாறினால் முதலிலிருந்து சொல்லவேண்டும். பையன் நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டான். கிளைத் தலைவர் மெல்லத் தலையசைக்க, மறுபடி தொடங்கி, மறுபடியும் அதே இடத்தில் தடுக்கினான். சபை முழுவதும் தலைகுனிந்து காத்திருந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவருக்கு அந்த ஜெபம் தலைகீழ்ப் பாடம். அவருடைய உதடுகள் அசைந்தன, ஆனால் ஒலி வரவில்லை. எடுத்துக்கொடுக்க ஒரு நொடி போதும். அவர் கொடுக்கவில்லை. மூன்றாம் முறை பையன் பிழையின்றிச் சொல்லி முடித்தபோது, 'ஆமென்' என்று சொன்ன குரல்களில் அவருடையதும் ஒன்றாக இருந்தது.

நீங்கள் கேட்ட 'என்னதான் செய்கிறார்கள்' என்பதற்கு என் விடை இதுதான். தெரிந்தவர் தெரியாதவர்போல உட்கார்ந்திருப்பது எளிதன்று. ஆசிரியப் பணியில் இருந்தவர்களுக்கு அது இன்னும் கடினம் என்பதை உங்கள் பெற்றோரே சொல்வார்கள். அந்த அம்மையார் வாரநாட்களில் இரண்டு சிறுமிகளுக்கு கீபோர்டு கற்றுக்கொடுக்கிறார். ஞாயிறன்று வாசிப்பதை அவர்களுக்கே விட்டுவிட்டார். முதல் ஞாயிற்றில் சொற்பொழிவு கிடையாது, விரும்புகிறவர் எழுந்து தம் விசுவாசத்தைச் சொல்லலாம். முதிய பெண்கள் அவ்வூர் மொழியான ஃபாண்டேயில் நெடுநேரம் பேசினார்கள். பக்கத்தில் ஒரு பெண் காதோடு காதாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வர, அம்மையார் அவ்வளவையும் கவனமாகக் கேட்டார். அதன் பின் வகுப்பு. 2019 முதல் எல்லாமாகச் சேர்த்து இரண்டு மணி நேரம்தான் என்றாலும், யாரும் உடனே வீட்டுக்குப் போகவில்லை.

பிற்பகலில் நோயுற்ற ஒருவரைப் பார்க்கப் போனார்கள். பொழுது சாய்ந்ததும், புளித்த சோளமாவை வாழையிலையில் பொதிந்து அவித்த கென்கேயோடும் மீனோடும் உபவாசத்தை முடித்தார்கள். அங்கே மாலை 6 மணி என்றால், சால்ட் லேக் நகர் இருக்கும் யூட்டா மாநிலத்தில் கோடைக்காலத்தில் நண்பகல் 12. பேரக்குழந்தைகள் ஆலயத்திலிருந்து திரும்பியிருக்கும் நேரம். தாங்கள் இன்னும் கையில் தூக்காத ஒரு குழந்தையை அவர்கள் கைபேசித் திரையில் பார்த்ததை நானும் பார்த்தேன். எழுபதை ஒட்டிய வயதில் 18 மாதங்களைக் கொடுப்பது சிறிய கொடை அன்று.

கால்டுவெல்லோடு இவர்களை ஒப்பிட வேண்டாம் என்பது என் எண்ணம். அவர் வந்தபோது இளைஞர்; இடையன்குடியில் ஊரையே உருவாக்க வேண்டியிருந்தது, எனவே அவருக்கு ஓர் ஆயுள் தேவைப்பட்டது. இவர்கள் வந்திருப்பது, கட்டி முடித்து வேறொருவர் வாழ்கிற வீட்டுக்கு. அங்கே அதிக காலம் தங்கினால் பொறுப்புகள் தாமாகவே இவர்கள் கைக்கு வந்து சேர்ந்துவிடும். அது அந்தப் பையனுக்கும் நல்லதல்ல, அந்தச் சிறுமிகளுக்கும் நல்லதல்ல.

உங்கள் பெற்றோரைத் தடுக்காதீர்கள். 1903இல் தமிழ்க் கிறிஸ்தவர்களே இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு நாட்டின் டோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பியது திருநெல்வேலியிலிருந்துதான் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் பயணச்சீட்டு எடுக்குமுன், அந்தப் பள்ளியில் இப்போது பாடம் நடத்துகிற உள்ளூர் ஆசிரியர்களிடம் நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். அவர்கள் தங்களுக்குத் துணை கேட்கிறார்களா, அல்லது தங்கள் இடத்தில் வேறு இருவரை நிர்வாகம் அமர்த்தப் பார்க்கிறதா என்று விசாரிக்கட்டும். முன்னது என்றால், அப்பாவின் மாத்திரைகளை ஆறு மாதத்துக்கு வாங்கிக் கொடுத்து நீங்களே ரயிலேற்றி அனுப்புங்கள்.

அன்புடன்.