டிசைன் படிப்புக்குக் கடன்: முதல் சம்பளம் தாங்குமா?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. நான்கு ஆண்டு டிசைன் பட்டப்படிப்பில்தான் சேருவேன் என்று உறுதியாக இருக்கிறாள். இடமும் கிடைத்துவிட்டது. அவள் பெயரில் சேர்த்துவைத்திருப்பது முதல் ஆண்டுச் செலவுக்குச் சரியாக இருக்கும். மீதி மூன்று ஆண்டுகளுக்கு, என் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதியை எடுத்துக்கொண்டு, போதாததற்குக் கடன் வாங்கலாம் என்று எண்ணம். படித்து முடித்தவர்களுக்குக் கிடைப்பதாகக் கல்லூரி சொல்லும் ஆண்டுச் சம்பளத்தைப்போல இரண்டு மடங்கு அந்தக் கடன் வரும். எனக்கு வயது 52. "படம் வரையக் கற்றுக்கொள்ள இத்தனை கடனா?" என்கிறார் என் மைத்துனர். போட்ட பணம் திரும்புமா?

பதில்: மைத்துனர் கவலைப்படுவது சரி, சொல்லும் காரணம்தான் தவறு. உங்கள் மகள் படிக்கப்போவது ஓவியம் அல்ல. ஒரு கருவி கையில் எப்படிப் பிடிபட வேண்டும், ஒரு செயலியில் பணம் அனுப்பும் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், நாற்காலியைக் குறைந்த மரத்தில் எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் வேலை அது. அதற்குச் சம்பளம் கொடுக்க நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் நீங்கள் சொல்லும் அளவுக்குக் கடன் என்றால், இந்தக் கல்லூரி வேண்டாம் என்பேன். டிசைன் வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்த விலைக்கு வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். கடன் 100 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 10 சதவீதம். இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டுகளின் தொடக்கத்தில் மூன்று சம தவணைகளாகக் கடன் கைக்கு வருகிறது. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் திருப்பிக் கட்டத் தொடங்குகிறீர்கள். அதுவரை வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போவதால், முதல் தவணை கட்டும் நாளில் கடன் 100 அல்ல, ஏறத்தாழ 133. அதைப் 10 ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை சுமார் 1.76; மொத்தம் கட்டுவது 211 போல வரும். படிக்கும்போதும் அதற்கடுத்த ஓராண்டிலும் மாதாமாதம் வட்டியை மட்டும் நீங்கள் கட்டிவந்தால், எல்லாம் சேர்த்து 189க்குள் முடிந்துவிடும். இது பலர் கண்டுகொள்ளாத வசதி.

இப்போது சம்பளத்தை எடுங்கள். கடனில் பாதிதான் ஆண்டுச் சம்பளம் என்கிறீர்கள். அதாவது ஆண்டுக்கு 50, மாதத்துக்கு 4.17. அதில் 1.76 தவணைக்குப் போனால், சம்பளத்தில் 42 சதவீதம் காலி. அதுவும் கல்லூரி சொல்லும் சம்பளம் முழுதாகக் கைக்கு வந்தால். பிடித்தங்கள் போக வருவது அதைவிடக் குறைவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாடகையும் சாப்பாடும் போக்குவரத்தும் போக, 42 சதவீதத்தை யாராலும் ஒதுக்க முடியாது. கடைசியில் தவணை உங்கள் தலையில் விழும், அப்போது உங்களுக்கு வயது 57 ஆகியிருக்கும்.

என் அளவுகோல் இது: தவணை, கையில் வரும் சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன வட்டிக்கும் காலத்துக்கும் இதைத் திருப்பிப் போட்டால், மொத்தக் கடன் முதல் வருடம் கையில் வரும் சம்பளத்துக்குள் அடங்க வேண்டும் என்று வருகிறது. நீங்கள் அதைப்போல இரண்டு மடங்கில் நிற்கிறீர்கள்.

அந்தச் சம்பள எண்ணையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். கல்லூரிகள் சராசரியைச் சொல்வார்கள். பத்துப் பேரில் ஒன்பது பேர் 3 வாங்கி ஒருவர் 33 வாங்கினால் சராசரி 6. அந்த 6ஐ வாங்குபவர் அந்த அறையிலேயே இல்லை. டிசைனில் இது மற்ற துறைகளைவிட அதிகமாக ஏமாற்றும். பெரிய தொழில்நுட்ப நிறுவனத்தில் சேர்ந்த ஒருவரின் சம்பளமும், ஐந்து பேர் வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் சேர்ந்தவரின் சம்பளமும் ஒரே பட்டியலில் இருக்கும். ஆகவே கேட்க வேண்டியது, எல்லோரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் சம்பளம். கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு டிசைன் வேலையே கிடைத்தது என்று தனித்தனியாகக் கேளுங்கள். "பிளேஸ்மென்ட் நூறு சதவீதம்" என்றால், பிளேஸ்மென்ட்டுக்குப் பதிவு செய்தவர்களில் நூறா, படித்தவர்களில் நூறா என்று மறுபடி கேளுங்கள். தயங்கினால் அதுவே பதில். கல்லூரி காட்டும் நட்சத்திர மாணவரை விட்டுவிட்டு, முடித்து மூன்று ஆண்டுகளான நான்கைந்து பேரை நீங்களாகத் தேடிப் பிடித்துப் பேசுவது இன்னும் நல்லது.

டிசைனில் எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. பணக் கணக்கே அங்கேதான் மாறுகிறது. பொருள் வடிவமைப்பு, ஜவுளி, வாகனம் போன்றவற்றுக்குப் பட்டறை வேண்டும், இயந்திரம் வேண்டும், பக்கத்தில் நின்று திருத்தும் ஆசிரியர் வேண்டும். வீட்டில் உட்கார்ந்து கற்பது கடினம். அங்கே கட்டணத்தில் ஒரு பெரும் பங்கு உண்மையாகவே கருவிகளுக்குப் போகிறது. செயலி, இணையதள வடிவமைப்போ வேறு கதை. அதற்கான வடிவமைப்பு மென்பொருளான ஃபிக்மா 2016இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது, உலாவியிலேயே ஓடுகிறது, இலவசமாகவே தொடங்கலாம். முப்பரிமாண வேலைக்குப் பிளெண்டர் 2002இலிருந்து திறந்த மூல மென்பொருள், அதாவது யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம். கருவிக்காகக் கல்லூரிக்குப் போன காலம் இந்தப் பிரிவில் முடிந்துவிட்டது. வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் திறந்து பார்ப்பதும் போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத்தான்.

அப்படியானால் கல்லூரி எதற்கு என்று கேட்கலாம். ஜூரி எனப்படும் மதிப்பீட்டில் நான்கு பேர் முன்னால் தன் வேலையை வைத்து, அடி வாங்கி, மறுபடி செய்து பழகுவதற்கு. இன்டர்ன்ஷிப் கதவு திறப்பதற்கு. வேறு நாட்டில் வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால், பல நாடுகளின் வேலை விசாவுக்குப் பட்டம் என்ற தாளே தேவைப்படும் என்பதற்கும். இவை நிஜமான பலன்கள். ஆனால் இவை கட்டணத்துக்கு ஏற்ப ஏறுவதில்லை. ஒரு வகுப்பில் எத்தனை மாணவர், ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் வெளியில் தொழில் செய்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளின் பதில், கட்டிடத்தின் பளபளப்பைவிட அதிகம் சொல்லும்.

(பட்டம் இல்லாமலேயே சாதித்தவர் என்று யாராவது தடாவோ ஆண்டோவைக் காட்டுவார்கள். கட்டிடக் கலையைத் தானே கற்று, 1995இல் அந்தத் துறையின் மிக உயரிய பிரிட்ஸ்கர் பரிசு வாங்கியவர். பட்டத்தால் வந்தவர்கள் என்று, தங்குமிட வாடகைத் தளமான ஏர்பிஎன்பியைத் தொடங்கிய பிரையன் செஸ்கியையும் ஜோ கெபியாவையும் இன்னொருவர் காட்டுவார். இருவரும் ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைனில் படித்தவர்கள். இவர்களை வைத்து யாரும் மாதத் தவணையைக் கணக்கிட முடியாது.)

செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் மிட்ஜர்னி, ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற, சொன்னதைப் படமாக்கித் தரும் கருவிகள் பரவிய பிறகு, ஒரே விளம்பரத்தைப் பத்து அளவில் வெட்டிக் கொடுப்பது, பின்னணிப் படம் செய்வது போன்ற வேலைகள்தான் முதலில் அடிவாங்குகின்றன. புதிதாகச் சேர்பவர்களுக்குக் கிடைத்துவந்த வேலைகளும் அவைதான். அதனால் தொழில் அழிந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. முதல் வேலை கிடைக்கச் சில மாதங்கள் கூடுதலாக ஆகலாம். வேலை கிடைக்காவிட்டாலும் ஓராண்டுத் தவணையைக் கட்டக்கூடிய கையிருப்பு இருந்தால் மட்டும் கடன் வாங்குங்கள்.

இனி, செலவைக் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால், மீதி மூன்று ஆண்டுகளுக்கு முதல் ஆண்டுக் கட்டணத்தைப்போல மூன்று மடங்கு போதாது, மூன்றரை மடங்கு வேண்டும். திறன் மிகுந்த மடிக்கணினி, மாதிரி செய்யும் பொருட்கள், அச்சு, அடோபி மென்பொருள் சந்தா, கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் எல்லாம் கல்லூரிக் கட்டணப் பட்டியலில் வராது.

ஓய்வுக்காலச் சேமிப்பைத் தொடாதீர்கள். படிப்புக்குக் கடன் தர ஆள் இருக்கிறார்கள். முதுமைக்கு யாரும் கடன் தருவதில்லை. அதைத் தொடாமல் கடனையும் ஒரு வருடச் சம்பளத்துக்குள் அடக்க முடியவில்லை என்றால், கட்டணம் குறைந்த கல்லூரி, உதவித்தொகை, அல்லது ஓராண்டு தள்ளிப்போட்டு இன்னும் நல்ல நுழைவுத் தேர்வு மதிப்பெண் ஆகிய மூன்றில் ஒன்றைத்தான் தேட வேண்டும். 17 வயதில் ஓராண்டு பெரிய இழப்பல்ல. அந்த ஆண்டில் அவள் செய்து பார்க்கும் வேலைகள் போர்ட்ஃபோலியோவில்தான் சேரும்.

முதல் ஆண்டை அவள் பெயரில் உள்ள பணத்தில் முடிப்பது மிக நல்ல ஏற்பாடு, அதை மாற்றாதீர்கள். 1919இல் வால்டர் குரோப்பியஸ் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் டிசைன் பள்ளியில், எல்லா மாணவரும் முதலில் ஒரு பொது அடிப்படை வகுப்பைப் படித்தார்கள். இன்றும் பல டிசைன் கல்லூரிகளில் முதல் ஆண்டு அந்த மாதிரிதான். பிரிவைத் தேர்ந்தெடுப்பது அதற்குப் பிறகு. துறை அவளுக்குப் பொருந்துகிறதா என்பது அந்த ஓராண்டில் தெரிந்துவிடும். கடன் வாங்காத நிலையில் விலகுவதும் மாறுவதும் எளிது. எனவே மூன்று ஆண்டுக் கடனுக்கு இப்போதே கையெழுத்துப் போடாமல், கடன் அனுமதி மட்டும் வாங்கிவைத்துக்கொண்டு, தவணை தவணையாக எடுங்கள்.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தில் நான்கு இடங்களைப் படித்துவிடுங்கள்: படிப்புக் காலத்தில் தனிவட்டியா கூட்டுவட்டியா, வட்டி விகிதம் மாறக்கூடியதா, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா, படிப்பைப் பாதியில் விட்டால் திருப்பிக் கட்டுவது எப்போது தொடங்கும். இணைக் கடனாளியாக நீங்கள் நிற்பதால், கடன் தொகைக்கு ஈடாக உங்கள் பெயரில் ஒரு டேர்ம் காப்பீடும் (குறிப்பிட்ட காலத்துக்கான ஆயுள் காப்பீடு) எடுத்துவிடுங்கள்.