பள்ளி மூடியிருக்கும்போது பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித்தர விரும்பும் தன்னார்வலர் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

விட்டுப்போன பாடத்தை முடிக்கலாம் என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். பல மாதம் பள்ளிக்கே போகாத பிள்ளைகளில் ஐந்தாம் வகுப்புப் பையன் எழுத்துக்கூட்டத் திணறுவான், மூன்றாம் வகுப்புப் பெண் கதையே படிப்பாள். வகுப்புவாரியாக உட்கார வைத்தால் இருவருக்கும் நேரம் வீண். வாசிப்பு நிலையை வைத்தே பிரியுங்கள்.

நிலையறிய ஒரு தாள் போதும். பிரதம் என்ற கல்வித் தொண்டு நிறுவனம் பிள்ளைகளின் வாசிப்பை அளக்க நடத்தும் ஏசர் ஆய்வில் உள்ளதுபோல எழுத்து, சொல், சிறு பத்தி, கதை என நான்கு பகுதி. பத்தியில் தொடங்குங்கள். மூன்று பிழைக்கு மேல் போகாமல் வாக்கியமாகப் படித்தால் கதையைக் கொடுங்கள். சொல் சொல்லாக இழுத்தால் சொல்லுக்கு இறங்குங்கள். ஐந்து சொல்லில் குறைந்தது நான்கைச் சரியாகப் படிக்காவிட்டால் எழுத்துக்கு இறங்குங்கள். மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடத்தில் இதைச் செய்யுங்கள். பெரிய பிள்ளைக்குத் தன் திணறல் வெளியே தெரிந்துவிட்டால் மறுநாள் வராது.

எழுத்து நிலையில் 247 எழுத்தையும் வரிசையாக ஒப்பிக்க வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. வரிசை மனப்பாடமாகும், கலைத்துக் காட்டினால் எழுத்து தெரியாது. ட, ப, ம, க, ர, ல ஆறையும் புள்ளியையும் மட்டும் எடுங்கள். படம், மரம், கடல், பகல், பட்டம், கப்பல் என அதிலேயே சொற்கள் வந்துவிடும். முதல் நாளே ஒரு முழுச் சொல்லைத் தானாகப் படித்த பிள்ளையின் முகத்தைப் பாருங்கள், அடுத்த நாள் வருகைக்கு வேறு எதுவும் தேவையில்லை. பிறகு கால் சேர்த்தால் பால், பாடம், காகம்.

சிக்கல் கொம்பில் தொடங்கும். 'கெ'யில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் எழுத்தின் இருபுறமும் குறி. பிள்ளை அதை 'கெ' என்று படித்துவிட்டு மிச்சமிருக்கும் காலை 'ர' என்று வாசிக்கும். கொம்பும் காலும் தனித்தனி அட்டையாக வெட்டி, 'க' அட்டையின் இருபுறமும் பிள்ளையே நகர்த்தி வைக்கட்டும். கு, சு, டு, து என உகர வரிசையில் குறியின் வடிவம் எழுத்துக்கு எழுத்து மாறுவதால், அதற்குத் தனியே ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். ண-ன, ல-ள-ழ குழப்பத்தை இப்போது திருத்தாதீர்கள். சரளம் வந்த பிறகு பார்க்கலாம்.

சொல் நிலையில் உள்ளவர்கள் படிக்காமலே படிப்பதுபோல் காட்டுவார்கள். படத்தைப் பார்த்து ஊகிப்பார்கள், அல்லது நீங்கள் படித்ததைத் திருப்பிச் சொல்வார்கள். வரியின் நடுவில் ஒரு சொல்லைத் தொட்டுக் கேளுங்கள், தெரிந்துவிடும்.

ஒரு மணி நேரத்தில் முதல் பத்து நிமிடம் நீங்கள் எல்லோருக்கும் உரக்க ஒரு கதை படியுங்கள். பிறகு குழுவாக அட்டை வேலை. அதற்கிடையே ஒவ்வொருவராக அழைத்து இரண்டு நிமிடம் வாசிக்கக் கேளுங்கள். கடைசியில் ஐந்து சொல்லைச் சொல்லி எழுத வையுங்கள். ஒருவர் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுத்தால் இந்தத் தனிக் கேட்பு விட்டுப்போகும். வாசிப்பை வளர்ப்பது அதுதான், எதைக் குறைத்தாலும் அதைக் குறைக்காதீர்கள்.

வருகை ஒழுங்காக இருக்காது. தம்பியைத் தூக்கிக்கொண்டு வரும் அக்காவையும் உட்கார வையுங்கள். ஒவ்வொரு நாளும் அன்றைக்கே முடியும் வேலையாக இருக்கட்டும். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, திறந்த இடத்தில், இரண்டு பெரியவர்களாவது இருக்கும்படி நடத்துங்கள். பிள்ளைகளின் படத்தை எங்கும் பகிராதீர்கள். புத்தகத்தை முகத்தருகே பிடிக்கும் பிள்ளைக்குக் கண் பரிசோதனை தேவைப்படலாம், வீட்டில் சொல்லுங்கள்.

மாதம் ஒருமுறை புதுப் பத்தியோடு அதே சோதனையைச் செய்து, ஒவ்வொருவர் நிலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, முன்னேறியவர்களைக் குழு மாற்றுங்கள். பள்ளி திறந்ததும் அந்தக் குறிப்பேட்டை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். எந்தப் பிள்ளை எந்த எழுத்தில் நிற்கிறது என்று அவர் முதல் நாளே பார்த்துக்கொள்வார்.