37ஆம் பக்கத்து முத்திரை

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் நூலகர்கள் உளவு வேலை பார்த்ததாகப் படித்தேன். உண்மையா? கொள்ளை போன புத்தகங்களை உரியவர்களிடம் எப்படித் திருப்பிக் கொடுத்தார்கள்?
- வாசகி, உவர்மலை, திருகோணமலை

பதில்: உளவு என்றதும் பெட்டகம் உடைப்பதை நினைக்க வேண்டாம், தங்கச்சி. லிஸ்பன், ஸ்டொக்ஹோம் போன்ற நடுநிலை ஊர்களில் கிடைத்த ஜேர்மன் பத்திரிகைகளையும் விஞ்ஞான இதழ்களையும்தான் அமெரிக்கா ஆள் அனுப்பித் தேடியது. ஸ்டொக்ஹோமில் இருந்த ஏடல் கிப்ரே இடைக்கால லத்தீன் படித்தவர். எதிரி நாட்டு இதழ்களைப் பக்கம் பக்கமாக மைக்ரோபிலிமில், அதாவது பக்கங்களைச் சின்னதாகப் படம்பிடிக்கும் பிலிம் சுருளில், ஏற்றி அனுப்பினார். அலுப்பான வேலைதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. நாசிகள் யூதர்களிடமும் பிறரிடமும் அள்ளிய நூல்கள் ஒஃபன்பாக் என்ற ஜேர்மன் ஊரில் 1946இல் குவிந்து கிடந்தன. அங்கே தரம் பிரித்த வேலையாட்களுக்கு ஹீப்ரூ, ரஷ்ய எழுத்து தெரியாது. பொறுப்பாக இருந்த ஐசக் பென்கோவிட்ஸ், நூல்களில் இருந்த நூலக முத்திரைகளைப் படம்பிடித்து ஆளுக்குச் சிலவாகப் பிரித்துக் கொடுத்தார். வாசிக்க வேண்டாம், முத்திரையின் வடிவம் தெரிந்தால் போதும். அங்கிருந்து 30 லட்சத்தளவு நூல்களும் ஆவணங்களும் திரும்பிப் போயின.

நான் வேலை பார்த்த பள்ளிக்கூட நூலகத்தில் முகப்பில் ஒரு முத்திரை, 37ஆம் பக்கத்தில் இன்னொன்று குத்துவோம். அதை ரகசியப் பக்கம் என்போம். களவெடுப்பவன் முதல் பக்கத்தைத்தானே கிழிப்பான்! 1990 ஆனியில் சனம் இடம்பெயர்ந்தபோது என் பையில் ஏறியது நூலகப் புத்தகங்களின் பெயரும் இலக்கமும் எழுதிய இடாப்பு மட்டும்தான். அரிசி வைக்க இடமில்லை என்று மனுசி ஏசினா. திரும்பி வந்தால் வெறும் றாக்கைகள்.

அப்புறம் ஒரு பின்னேரம் டச்சுக்குடாக் கடற்கரையில் கச்சான் வாங்கினேன். தின்று முடித்துச் சுருளைப் பிரித்தால் ஊதா மையில் எங்கள் முத்திரை, பக்கத்திலேயே என் கையெழுத்தில் இலக்கம். கச்சான்காரரின் பெட்டிக்கு அடியில் மிச்சப் பாதி கிடந்தது, அட்டை எப்போதோ போய்விட்டது. வீட்டுக்கு வந்து இடாப்பைப் புரட்டினேன். மீன்களைப் பற்றிய சிறுவர் நூல். இலக்கம் சரி.

அந்தப் பாதிப் புத்தகத்துக்கு அவர் காசு கேட்கவில்லை. சுருள் சுற்றத் தாள் வேண்டுமே என்றார். மறுநாள் பழைய வீரகேசரி ஒரு கட்டு கொண்டுபோய்க் கொடுத்தேன்.