தனிப் பந்தி யார் போட்டது?

கேள்வி: அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கருப்பினப் படைப்பாளிகளுக்கென்றே தனியாகத் திரைப்பட விழாக்கள் நடக்கின்றன. இது தனிப் பந்தி போடுவது போல இல்லையா? படம் நன்றாக இருந்தால் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவே கூப்பிடுமே! கலைக்கு ஏது நிறம்?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: கலைக்கு நிறம் கிடையாது, சரி. ஆனால் கேமராவைத் தொட யாருக்கு அனுமதி என்று முடிவு செய்தவர்கள் நிறம் பார்த்தார்களே! 1934-இல் பிரான்ஸ் ஒரு ஆணை போட்டது. லாவல் ஆணை என்பார்கள். அதன்படி ஆப்பிரிக்கக் காலனிகளில் படம் எடுக்க அரசு அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கர்களுக்கு அந்த அனுமதி கிடைக்கவே இல்லை. பாரிஸில் முறையாகத் திரைப்படம் படித்து முடித்த ஆப்பிரிக்கரான பாலின் வியெரா, ஆப்பிரிக்காவில் எடுக்க வழியில்லாமல் 1955-இல் பாரிஸ் தெருக்களிலேயே ஆப்பிரிக்க இளைஞர்களை வைத்துப் படம் எடுத்தார். சொந்த மண்ணைப் படம் பிடிக்க முடியாதவன் அடுத்தவன் ஊரில் எடுத்த படம் அது. தனிப் பந்தி யார் போட்டது என்று இப்போது சொல்லுங்கள்.

விடுதலைக்குப் பிறகும் தியேட்டர்கள் அவர்கள் கையில் இல்லை. ஆப்பிரிக்கர் எடுத்த படத்தை ஆப்பிரிக்கரே பார்க்க முடியாத நிலை. அதனால்தான் 1969-இல் வாகடூகு நகரில் ஆப்பிரிக்கப் படங்களுக்கான ஃபெஸ்பாகோ விழா பிறந்தது. அப்போது அப்பர் வோல்ட்டா என்று இருந்த நாடு, இப்போது புர்கினா பாசோ. செனகலின் இயக்குநர் ஒஸ்மான் செம்பேன் ஆரம்பத்திலிருந்தே அதற்குத் துணை நின்றவர். மறு வருடமே அந்த ஏழை நாடு தியேட்டர்களை நாட்டுடைமை ஆக்கியது. விழா என்றால் சிவப்புக் கம்பளமும் புகைப்படமும்தான் என்று நினைக்கிறோம். அங்கே அது திரைக்காக நடந்த போராட்டம். இன்றைக்கும் அந்த விழாவுக்கு வரும் இயக்குநர்கள் நகரின் திரைக்கலைஞர் சதுக்கத்தில் கூடி, மறைந்த சக கலைஞர்களுக்காகத் தரையில் நீர் வார்த்து அஞ்சலி செலுத்துகிறார்கள். எனக்குத் தெரிந்து வேறு எந்தப் பெரிய விழாவிலும் இப்படி ஒரு வழக்கம் இல்லை.

கானுக்கு வருவோம். அந்த விழா 1946-இல் தொடங்கியது. அதன் போட்டிப் பிரிவில் ஒரு கருப்பினப் பெண் இயக்குநரின் படம் முதன்முதலாக இடம்பெற்றது 2019-இல். அவர் பெயர் மத்தி தியோப். முதல் முழுநீளப் படத்திலேயே கானின் இரண்டாவது பெரிய விருதான கிராண்ட் பிரியையும் வாங்கிப் போனார். அதற்கு முந்தைய எழுபது சொச்ச ஆண்டுகளில் தகுதியானவர் ஒருவர்கூட இல்லை என்று நம்பச் சொல்கிறீர்களா?

பெரிய விழா கூப்பிட்டுவிட்டால் மட்டும் எல்லாம் முடிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. எத்தியோப்பியாவில் பிறந்து அமெரிக்காவில் வாழும் ஹைலே கெரிமா, அடிமை முறையைப் பற்றி 'சங்கோஃபா' என்ற படம் எடுத்தார். கானா நாட்டில் அடிமைகளைக் கப்பலேற்றிய கோட்டைக்குப் படப்பிடிப்புக்காகப் போகும் ஒரு நவீனப் பெண், திடீரென்று அந்தக் காலத்துக்கே இழுக்கப்பட்டு, தோட்டத்தில் அடிமையாக நிற்கிறாள். 1993 பெர்லின் விழாவின் போட்டியில் அந்தப் படம் இருந்தது. ஆனாலும் அமெரிக்காவில் ஒரு விநியோகஸ்தர்கூட வாங்க முன்வரவில்லை. கெரிமா தானே வாஷிங்டனில் தியேட்டரை வாடகைக்கு எடுத்துத் திரையிட்டார். கருப்பின மக்கள்தான் திரண்டு வந்து படத்தை ஓட வைத்தார்கள். பிறகு அப்படியே ஊர் ஊராகப் போனது. பார்க்க ஆள் இருந்தார்கள், காட்டத்தான் ஆள் இல்லை. இந்த விழாக்கள் அடைக்கப் பார்ப்பது அந்த இடைவெளியைத்தான். அதே கெரிமா 2008-இல் வெனிஸ் விழாவில் விருது வாங்கிய 'டெசா'வை எடுத்துக்கொண்டு வாகடூகுவுக்கு வந்தார். 2009-இல் ஃபெஸ்பாகோவின் உச்ச விருதான தங்கக் குதிரை அவருக்கு. பெயர் பெற்றவர்களும் ஏன் அங்கே வருகிறார்கள் என்பதற்கு இது போதும்.

புதியவர்கள் கதை இன்னும் எளிது. 1997-இல் தொடங்கி இப்போது மயாமியில் நடக்கும் அமெரிக்கக் கருப்பினத் திரைப்பட விழாவில், 2011-இல் ஒரு கல்லூரி மாணவரின் குறும்படம் பரிசு வாங்கியது. மாணவர் பெயர் ரயன் கூக்லர். ஏழு வருடம் கழித்து 'பிளாக் பாந்தர்' என்ற ஹாலிவுட் படத்தை எடுத்தவர்.

இந்த விழாக்களில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஃபெஸ்பாகோ 2015-க்கு முன்பு வரை முக்கியப் போட்டிக்கு ஃபிலிம் பிரதிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. கைக்காசில் டிஜிட்டலில் எடுத்த எத்தனையோ இளைஞர்கள் அதனால் வெளியே நின்றார்கள். இன்னொன்று இதைவிடப் பெரியது. அந்தத் தங்கக் குதிரையின் மேல் அமர்ந்திருப்பது யென்னெங்கா என்ற இளவரசி. ஆனால் 2025 விழா வரை ஒரு பெண் இயக்குநருக்குக்கூட அந்த விருது போகவில்லை. அதைக் கேட்டு எழுதியிருந்தால் நானும் உங்களோடு சேர்ந்து கேட்டிருப்பேன்.