பதினைந்து நாள் மாத்திரையும் பத்து வருஷத் திட்டமும்

அன்புள்ள ஐயா,

மாநில அளவில் பத்தாண்டு, இருபதாண்டு சுகாதாரத் திட்டம் என்று அறிவிப்புகள் வருகின்றன. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடமும் வந்துவிட்டது. ஆனால் என் அம்மாவுக்கு பிபி மாத்திரை பதினைந்து நாளைக்குத்தான் தருகிறார்கள். பீடி சுற்றும் வேலையை விட்டுவிட்டு மாதத்தில் இரண்டு தடவை வரிசையில் நிற்கிறார். பதினைந்து நாளைத் தாண்டி யோசிக்க முடியாதவர்கள் பத்து வருஷத்துக்கு என்னத்தைத் திட்டமிடப்போகிறார்கள்? இதை யாரிடம் எப்படிக் கேட்பது?

ம., குடியாத்தம்

அன்புள்ள ம.,

நீங்கள் கேலியாகக் கேட்டாலும் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள். அந்தப் பதினைந்து நாளும் பத்து வருஷமும் ஒரே கணக்கின் இரு முனைகள்.

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சமவெளியில் 30,000 பேர் என்பது விதிமுறை. அதில் பெரியவர்கள் ஏறக்குறைய 22,000. தமிழ்நாட்டில் பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் என்று வைத்தால் 7,300 பேர். பாதிப் பேர் வெளியில் காசு கொடுத்துப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றே வைப்போம், மீதி 3,650. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு அம்லோடிபின் (பிபி மாத்திரை) என்றாலும் மாதத்துக்கு 1,10,000 மாத்திரை. வருஷத்துக்கு 13 லட்சத்துக்கு மேல். நிலையம் மேலே அனுப்பும் மருந்துக் கோரிக்கை (இன்டென்ட்) இப்படிப் போடப்பட்டால் உங்கள் அம்மாவுக்கு முப்பது நாள் மாத்திரை கிடைக்கும்.

பெரும்பாலும் அப்படிப் போடுவதில்லை. போன வருஷம் எவ்வளவு செலவானதோ அதோடு ஒரு பத்து சதவீதம் சேர்த்துக் கேட்பதுதான் பழக்கம். வினை இங்கேதான். ஒரு மருந்து வருஷத்தில் 60,000 செலவாகியிருக்கிறது, அதில் நாலு மாதம் ஸ்டாக்கே இல்லை என்று வையுங்கள். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,000. மருந்து இருந்த எட்டு மாதத்தால் வகுத்தால் 7,500. முதல் எண்ணை அனுப்பினால் இந்த வருஷத் தட்டுப்பாடே அடுத்த வருஷத்தின் தேவையாகப் பதிவாகிவிடும்.

பதினைந்து நாள் பங்கீடு இதைவிட மோசம். பதிவேட்டில் இருப்பு ஒருநாளும் பூஜ்யத்துக்குப் போகாது. ஆகவே எட்டால் வகுக்கவும் வழியில்லை. ஆனால் கூலியை விட்டு இரண்டாம் தடவை வர முடியாதவர் மாத்திரையை நிறுத்திவிடுவார். செலவு குறைந்ததாகக் காகிதம் சொல்லும். ஆகவே நாள்பட்ட நோய்க்குச் செலவை வைத்துக் கணக்குப் போடவே கூடாது, பதிவான ஆட்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் போட வேண்டும். அதிலும் ஒரு பொறி உண்டு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை போகிறது. அந்தப் பட்டியலில் இருப்பவரே நிலையத்தின் வெளிநோயாளிப் பதிவேட்டிலும் இருந்தால் ஒரு ஆள் இரண்டாகிவிடுவார்.

கொள்முதல் அமைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒவ்வொரு பேட்ச்சையும் ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் கிடங்கிலிருந்து விடுகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக், அதில் ஒதுக்கிய தொகைக்குள் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் தப்பான எண் உள்ளே போனால் அதையும் ஒழுங்காகவே நிறைவேற்றிக் கொடுக்கும்.

இப்போது பத்து வருஷத்துக்கு வருகிறேன். கிராம சுகாதார செவிலியர் பணியிடம் சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று. அந்தக் காலத்தில் அவர் வேலை பிரசவமும் தடுப்பூசியும். இன்று தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 14-க்கும் கீழே. உங்கள் 30,000 பேரில் வருஷத்துக்கு 400 பிரசவம் சொச்சம், அதிலும் பல தாலுகா ஆஸ்பத்திரிக்கோ வேலூருக்கோ போய்விடும். பிபிக்காரர்களோ 7,300. ஆள் வரிசை 400-க்காகப் போட்டது, கூட்டம் 7,300-இலிருந்து வருகிறது. புதுக் கட்டடம் இதை மாற்றாது. நெடுங்காலத் திட்டம் என்றால் முதலில் இந்த வேலைப் பங்கீட்டைத் திருத்த வேண்டும். அடுத்தது ஓய்வு. யார் எந்த மாதம் ஓய்வு பெறுவார் என்பது பணிப் பதிவேட்டில் இன்றைக்கே இருக்கிறது. பயிற்சிக்கு இரண்டு வருஷம், நியமனத்துக்கு இன்னும் கொஞ்சம். 2030-ல் காலியாகும் இடத்துக்கு 2027-லேயே ஆளைச் சேர்த்தாக வேண்டும். ஜோசியம் தேவைப்படாத ஒரே கணக்கு இது, ஆனாலும் தவறுகிறது.

தலை எண்ணிக்கையே தகராறு என்பது வேறு விஷயம். 2011 கணக்கெடுப்புதான் இன்னும் அடிப்படை, அப்போது ஒன்றுபட்ட வேலூர் மாவட்டத்தில் 39 லட்சம் பேர். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் ‘வேலூர்’ என்று வருவது பழைய முழு மாவட்டம். அதை இன்றைய வேலூரோடு ஒப்பிட்டு ‘முன்னேற்றம்’ என்று ஸ்லைடு போட்டால் வேறு வேறு ஊர்களை ஒப்பிட்டதாகிவிடும். ஊராட்சி ஒன்றிய அளவில் பிரித்துக் கூட்டினால்தான் சரி. அணைக்கட்டு ஒன்றியத்தில் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை, பாலாம்பட்டு மூன்றும் மலை ஊராட்சிகள். மலைக்கு 3,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்று சலுகை இருந்தாலும், அங்கே அளக்க வேண்டியது தலைகளை அல்ல, பாம்பு கடித்தவரைக் கீழே கொண்டுவர ஆகும் மணி நேரத்தை.

நம் பக்கத்துக்கு இது தெரியாத வித்தையும் அல்ல. 1955-ல் இந்தியாவிலேயே முதன்முதலாக ஜப்பானிய மூளைக்காய்ச்சல் அடையாளம் காணப்பட்டது வேலூரில்தான். பிறகு 1980-களில் வட ஆற்காடு மாவட்டத்தில் ‘NADHI’ (North Arcot District Health Information) என்றொரு நோய்க் கண்காணிப்பு நடந்தது. அரசு, தனியார் என்று பாராமல் மருத்துவர்களுக்கு அச்சிட்ட அஞ்சலட்டை கொடுத்துவிடுவார்கள். சந்தேகப்படும்படி ஒரு கேஸ் வந்தால் நிரப்பித் தபாலில் போட வேண்டியதுதான். வந்த கணக்கு மாத இதழாக அதே மருத்துவர்களுக்குத் திரும்பிப் போனது. இந்தக் கடைசிப் படி முக்கியம். அனுப்பிய எண் என்னவானது என்று தெரியாவிட்டால் யாரும் மூன்றாவது மாதம் ஒழுங்காக நிரப்ப மாட்டார்கள், போன மாத எண்ணையே மறுபடி எழுதுவார்கள். இன்று செயலியில் தினமும் ஏற்றுகிறார்கள், ஆனால் கீழே திரும்பி வருவது அபூர்வம்.

எப்படிக் கேட்பது என்றீர்கள். கிராம சபையில் எழுந்து ‘மருந்து இல்லை’ என்றால் ‘போதிய இருப்பு உள்ளது’ என்பார்கள், அது பொய்யாகவும் இருக்காது. மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போடுங்கள். ‘ஏன்’ என்று ஒரு இடத்திலும் எழுதாதீர்கள், அந்தச் சட்டத்தில் காரணம் கேட்டால் நழுவிவிடலாம். பதிவேட்டில் உள்ளதை மட்டும் கேளுங்கள்: உங்கள் நிலையத்தில் பதிவான ரத்த அழுத்த நோயாளிகள் எத்தனை பேர், கடந்த 24 மாதங்களில் மாதவாரியாக அம்லோடிபின் கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு, இருப்பு பூஜ்யமாக இருந்த தேதிகள் எவை. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் கொடுத்த எண்ணை நோயாளிகளின் எண்ணால் வகுத்துப் பாருங்கள். மாதத்துக்கு 30 வர வேண்டிய இடத்தில் 14, 15 என்று வந்தால், அந்தத் தாளோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள்.