ஷோகேஸில் நிற்கும் கார்

கேள்வி: 1988-ல் அப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த ரிமோட் காரை அம்மா ஷோகேஸில் பூட்டிவைத்து, பண்டிகை நாள்களில் மட்டும் எடுத்துத் தருவார். அது இப்போது ஓடவில்லை. அதே கார் இணையத்தில் பெருந்தொகைக்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா? அதன் அருமை என் மகனுக்குத் தெரியவில்லையே?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: வாங்காதீர்கள். வீட்டிலிருப்பதை முதலில் வெளியே எடுங்கள். ஓடாமல் போன பழைய ரிமோட் கார்கள் பலவற்றில் கெட்டிருப்பது மோட்டாரன்று. உள்ளேயே விட்டுவைத்த செல் கசிந்து, அது தொடும் தகட்டையும் ஸ்பிரிங்கையும் அரித்திருக்கும். பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ ரேடியோ பழுது பார்ப்பவரிடம் காட்டினால், படிந்த உப்பைச் சுரண்டி, அறுந்த ஒயரைப் பற்றவைத்துத் தந்துவிடக்கூடும்.

அந்நாளைய மலிவான கார்கள் பலவற்றின் ரிமோட்டில் ஒரே பொத்தான்தான் இருந்தது. சுவிட்சைப் போட்டதும் கார் நேராக ஓடும்; பொத்தானை அழுத்தினால் பின்வாங்கியபடியே ஒருபக்கம் திரும்பும்; விட்டால் மறுபடியும் முன்னே பாயும். எப்போது அழுத்துவது, எப்போது விடுவது என்று கை பழகினால்தான் சுவரில் மோதாமல் முற்றத்தைச் சுற்றிவர முடியும். பெரும்பாலானவை 27 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டியே இயங்கியதால், பக்கத்து வீட்டுப் பையனிடமும் ஒரு கல்ஃப் கார் இருந்துவிட்டால், ஒருவர் அழுத்த இரண்டு கார்களும் திரும்பும் வாய்ப்பு உண்டு. முறைவைத்துத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. இன்றைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் இந்தத் தொல்லை இல்லை.

உங்களுக்கு ஆண்டில் சில நாள்களே வாய்த்த அந்தக் கைப்பழக்கத்துக்குத்தான் நீங்கள் ஏங்குகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. கடல் கடந்து உழைத்தவர் கொண்டுவந்தது, உடைந்தால் இங்கே எளிதில் கிடைக்காதது என்பதால் உங்கள் அம்மா பூட்டிவைத்ததில் நியாயம் இருந்தது. நீங்களோ அதே கண்ணாடிக்குப் பின்னால் காரை நிறுத்திவைத்துக்கொண்டு, தொட்டே பார்த்திராத பிள்ளைக்கு அருமை தெரியவில்லை என்கிறீர்கள். இது சரியில்லை.

பழுது பார்த்ததும் மகன் கையில் கொடுத்துவிடுங்கள். கீறல் விழுந்தால் விழட்டும். ஏரியலை முழுவதும் இழுத்துவிடச் சொல்லுங்கள்: 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர் என்பதால், மடக்கிய ஏரியலை நம்பினால் கார் சற்றுத் தள்ளிப் போனதுமே சொல் கேட்காது. விளையாடி முடித்ததும் செல்களைக் கழற்றி வைக்கவும் பழக்குங்கள்.