அப்பாவின் ரெக்கார்டுகள் என்ன விலை போகும்?

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு வருடமாகிறது. 60, 70களில் அவர் சேர்த்த தமிழ் இசைத்தட்டுகள் நூற்றுச் சொச்சம், எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு பாம் ஷெல்டரில், அதாவது கனத்த கதவு போட்ட சிறு காப்பறையில், அட்டைப்பெட்டிகளில் அடுக்கியபடியே கிடக்கின்றன. அவற்றில் ஒன்றை இணையத்தில் ஒருவர் 280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருக்கிறார். ரெக்கார்டுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டது, இன்னும் ஏறும் என்கிறார்கள். இப்போதே விற்பதா, ஐந்து வருடம் பொறுப்பதா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: பொறுக்க வேண்டாம். விற்கவும் அவசரப்பட வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் 280 வெள்ளி இருக்கிறது, ஐந்து வருடம் இருக்கிறது, மவுசு இருக்கிறது. ஒரு பாட்டின் பெயர் இல்லை. பெட்டியைத் திறந்து ஒரு தட்டையாவது கையில் எடுத்துப் பார்த்ததாக ஒரு வரி இல்லை. முதலில் அதைச் செய்யுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த 280 வெள்ளி ஒருவர் கேட்கும் விலை. காசு கைமாறிய விலை இல்லை. ரெக்கார்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் (Discogs) தளத்தில் அந்தத் தட்டின் பதிப்பைத் தேடிப் பிடித்தால் கடைசியாக எப்போது விற்றது, குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, நடுவிலை எவ்வளவு என்று காட்டும். அதைப் பாருங்கள். கேட்கும் விலை மாதக்கணக்கில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கலாம், விற்ற விலை வேறாக இருக்கும். அதோடு, உங்களிடம் இருப்பது அதே தட்டுதானா? பாட்டு முடிந்து நடு லேபிளுக்கு முன்னால் வரும் வழவழப்பான வளையத்தில் பொடியாக ஓர் எண் பதிந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். அந்த எண் ஒத்துப்போகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு தட்டின் நிலை. ஒரே படம், ஒரே வருடம், ஒரே அச்சு என்றாலும், கீறல் இல்லாததற்கும் ஊசி ஓடி ஓடித் தேய்ந்ததற்கும் விலை பல மடங்கு மாறும்.

மவுசு வந்தது பொய் இல்லை. அமெரிக்காவில் 2006இல் விற்ற புது எல்.பி.கள் (பெரிய 12 அங்குலத் தட்டுகள்) 10 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. 2022இல் 4 கோடியே 10 லட்சம் விற்றன. சி.டி. 3 கோடியே 30 லட்சம்தான். எண்ணிக்கையில் ரெக்கார்டு சி.டி.யை முந்தியது 1987க்குப் பிறகு அதுவே முதல் முறை. ஆனால் இவையெல்லாம் புதிதாக அச்சடித்து, பிளாஸ்டிக் சுற்றி விற்ற தட்டுகள். அவற்றின் விலை ஏறிய காரணமே வேறு. சி.டி. காலத்தில் அச்சடிக்கும் ஆலைகள் பல மூடிவிட்டன. மிஞ்சியவற்றில் பெரும்பாலும் பழைய இயந்திரங்கள்தான். தட்டுக்கு மூலப்பிரதி வெட்டும் லாக்கர் தகட்டைச் செய்ய உலகத்தில் இரண்டே நிறுவனங்கள் இருந்தன. ஒன்று ஜப்பானில். மற்றது கலிஃபோர்னியாவில் இருந்த அப்போலோ மாஸ்டர்ஸ், அது பிப்ரவரி 2020இல் எரிந்துபோனது. பின்னாலேயே கொரோனா வந்தது, வீட்டில் அடைபட்டவர்கள் ரெக்கார்டு வாங்க ஆரம்பித்தார்கள், ஆர்டர்கள் மாதக்கணக்கில் தேங்கின. கப்பல் கூலியும் ஏறியது. இங்கே கடையில் ஒரு புது எல்.பி.க்கு 50, 60 வெள்ளி கொடுக்கும்போது இதையெல்லாம் சேர்த்துத்தான் கொடுக்கிறோம். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் தருவித்தால் 400 வெள்ளி வரைக்கும் முன்பு வரி இல்லை. 2023 ஜனவரியிலிருந்து பெரிய இணையச் சந்தைகள் அதற்கும் பொருள் சேவை வரி வசூலிக்கின்றன, இப்போது 9 விழுக்காடு.

உங்கள் அப்பாவின் தட்டுகள் இந்தக் கணக்கில் வராது. 60, 70களில் சினிமாப் பாட்டுகள் நிறைய 7 அங்குல இ.பி. என்ற சிறு தட்டுகளில் வந்தன, பெரும்பாலும் பக்கத்துக்கு இரண்டு பாட்டு. எம்.ஜி.ஆர்., சிவாஜி படப் பாட்டுகள் அன்றைக்கு நிறைய அச்சாகின, நிறைய விற்றன, வீட்டுக்கு வீடு ஓடித் தேய்ந்தன. ஆகவே இன்றைக்கும் தேடினால் கிடைக்கின்றன. 80களில் கேசட் வந்து எல்லாரையும் இழுத்துக்கொண்டது. எல்.பி. குறைவாக அச்சானது. இளையராஜாவின் அந்தக் காலத்து எல்.பி.களுக்குச் சேகரிப்பவர்கள் போட்டி போடுவதற்கு அவருடைய இசையோடு இந்தத் தட்டுப்பாடும் காரணம். ஊரே கொண்டாடி வாங்கிய தட்டு மலிவாகவும், அன்றைக்கு வாங்க ஆளில்லாத தட்டு விலை கூடியும் நிற்கும். எனக்கு இதில் வருத்தம் உண்டு. ஆனால் சந்தை அப்படித்தான்.

இதே சிங்கப்பூரில் இந்தத் தட்டுகளை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லாத காலமும் இருந்தது. 2017 ஜூலையில் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையை மூடும்வரை நான் அங்கே போய்வந்தவன். தரையில் தார்பாய் விரித்து, உடைந்த கடிகாரத்துக்கும் பழைய சார்ஜருக்கும் நடுவே தமிழ் ரெக்கார்டுகள் வெயிலில் வளைந்துகொண்டிருக்கும். இரண்டு வெள்ளி, மூன்று வெள்ளி. வீடு மாறும்போது பிள்ளைகள் பழைய சாமான் வாங்கும் காராங் குனிக்காரரிடம் தூக்கிக் கொடுத்தவை அவை. விலை போகாது என்று கொடுத்தார்கள். விலை ஏறும் என்று நீங்கள் வைத்திருக்கிறீர்கள். போட்டுக் கேட்டவர் இரண்டு பக்கத்திலும் இல்லை. இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், மன்னிக்க வேண்டும்.

ஐந்து வருடம் நீங்கள் பொறுக்கலாம், பூஞ்சை பொறுக்காது. நம் ஊர் ஈரப்பதம் தெரிந்ததுதான். பாம் ஷெல்டரின் கனத்த கதவைச் சாத்திவிட்டால் காற்றோட்டம் குறைந்துவிடும். போன மாதம் கூட்டாளி ஒருவர் வீட்டில் இப்படி ஒரு பெட்டியைத் திறந்தோம். மேலே இருந்த தட்டின் உள்ளுறை அட்டையோடு ஒட்டியிருந்தது. மெதுவாக உரித்தபோது தட்டு முழுக்க விபூதி தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளிகள். அடுத்ததில் பிளாஸ்டிக் உறை பட்ட இடமெல்லாம் மூச்சு விட்ட கண்ணாடிபோல மங்கிப்போயிருந்தது. வெள்ளைப் புள்ளி கழுவியதும் போயிற்று. மங்கல் போகவில்லை, ஊசியை வைத்தால் பாட்டுக்குப் பின்னால் மழை பெய்தது. மூன்றாவது தட்டின் லேபிளில், இரண்டாவது பாட்டுக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு சரிக்குறி. அவருடைய அப்பா போட்டது. அந்தப் பாட்டு மட்டும் மற்றதைவிட அதிகமாகத் தேய்ந்திருந்ததைக் காதாலேயே கேட்டோம். கூட்டாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆகவே இந்தச் சனிக்கிழமையே பெட்டிகளை வெளியே கொண்டுவாருங்கள். படுக்கவைத்து அடுக்கியிருந்தால் நிமிர்த்தி வையுங்கள். அடுக்கின் பாரம் அடித்தட்டை வளைத்துவிடும். பழைய பிளாஸ்டிக் உள்ளுறைகளை எறிந்துவிட்டுப் புதுத் தாளுறை போடுங்கள், வெளியட்டையை மட்டும் பத்திரப்படுத்துங்கள். காய்ச்சி வடித்த நீரில் ஒரு துளி பாத்திர சோப்பு, மெல்லிய துணி, கோடு ஓடும் திசையிலேயே துடைப்பு, பிறகு வெறும் நீரால் ஒரு தடவை. லேபிள் நனையக் கூடாது. விசிறிக் காற்றில் காயட்டும், வெயில் வேண்டாம். கனமான, கீழே விழுந்தால் உடைகிற 78 சுற்றுத் தட்டுகள் (நிமிடத்துக்கு 78 முறை சுற்றுபவை) இருந்தால் தனியே எடுத்துவிடுங்கள். அவை அரக்கால் ஆனவை, ஸ்பிரிட் பட்டால் கரையும். அவற்றின் கோடு அகலமானது, எல்.பி. ஊசி சரிப்படாது.

பிளேயர் இல்லையென்றால் இருக்கும் ஒருவர் வீட்டுக்குப் பத்துத் தட்டோடு போங்கள். மலிவான பெட்டி பிளேயரை அவசரத்துக்கு வாங்காதீர்கள். அவற்றில் பலவற்றின் ஊசி நல்ல பிளேயரைவிட இரண்டு மூன்று மடங்கு பாரமாக அழுத்தும்.

கேட்டு முடித்தபின் விற்க நினைத்தால் தாராளமாக விற்கலாம், அதில் குற்றம் ஒன்றும் இல்லை. சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபி கட்டடத்தில் உள்ள ரெக்கார்டுக் கடைகளில் விசாரிக்கலாம். மொத்தமாகக் கொடுத்தால் கடைக்காரர் குறைத்துத்தான் கேட்பார், கழுவி, தரம் பிரித்து, வாங்க ஆள் வரும்வரை வைத்திருக்க வேண்டியவர் அவர். ஒவ்வொன்றாக நீங்களே விற்றால் காசு கூடும், வேலையும் கூடும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். லேபிளிலோ அட்டையிலோ அப்பாவின் கையெழுத்து, சரிக்குறி, வாங்கிய தேதி ஏதாவது இருந்தால் அந்தத் தட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். வாங்க வருகிறவர் அதை "லேபிளில் கிறுக்கல்" என்று குறித்துக்கொண்டு விலையில் பத்து வெள்ளி குறைப்பார்.